கையெழுத்துப் போட்டவர் மட்டும்தான் அரசு ஊழியரா?

வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் ஊரில், கல்லூரியில் சேரப்போகும் ஒரு பெண்ணுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க உட்கார்ந்திருந்தோம். 'தாயாரின் தொழில்' என்ற இடம் வந்ததும் அவள் கேட்டாள்: "அம்மா ஊராட்சியில தூய்மைக் காவலர். அப்ப கவர்மெண்ட் வேலைன்னு போடணுமாக்கா?" இ-சேவை மையத்தில் இருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "கூலின்னு போடும்மா." கூலி என்றே போட்டோம்.

சில மாதம் கழித்து அதே அம்மாவுக்குச் சம்பளம் நின்றுபோனது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம் என்று எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ஊரில் ஒரு 'பெரிய மனிதர்' வழிமறித்தார். "கவர்மெண்ட்ல வேலை பாத்துக்கிட்டு கவர்மெண்ட் மேலயே மனுவா?"

சம்பளம் கேட்டால் அவர் கூலி. வாய் திறந்தால் அவர் அரசு ஊழியர். இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது தோழர்களே. அரசு ஊழியர் என்றால் யார் என்ற இந்தக் கேள்வியில்தான் நம் நாட்டின் ஊழல் தடுப்புச் சட்டங்கள் எல்லாம் தொடங்குகின்றன. அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் ஒருவரைக் கேள்வி கேட்கலாமா கூடாதா என்பது முடிவாகிறது. சேரியில் இருக்கிறவருக்கும் மாடியில் இருக்கிறவருக்கும் அந்தப் பதில் ஒன்றாக இருப்பதில்லை என்பதைத்தான் இங்கே பேச நினைக்கிறோம்.

பொது அதிகாரம் ஒரு கையிலும் அதனால் வரக்கூடிய சொந்த லாபம் இன்னொரு கையிலும் இருக்கும் நிலையை நலன் முரண் என்கிறார்கள். ஊராட்சிப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவரின் மச்சானே ஊராட்சியின் காண்டிராக்டராக இருந்தால் அது நலன் முரண். லஞ்சம் கைமாறினால்தான் குற்றம் என்பதில்லை, இரண்டு வேடமும் ஒரே ஆளுக்கு இருப்பதே கெடுதி என்பது இதன் அடிப்படை.

இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அனுமதியில்லாமல் வியாபாரம் செய்யாதே, சொத்துக் கணக்குக் கொடு என்கின்றன. ஆனால் அவை அரசுப் பணியில் முறையாக நியமிக்கப்பட்டவர்களுக்கானவை. பொது ஊழியர் வாங்கக் கூடாத சொத்தை வாங்கினால் தண்டனை என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 169-ஆவது பிரிவு சொன்னது. அது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 203-ஆவது பிரிவு. இவற்றுக்கெல்லாம் மேலே 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஊராட்சிச் சட்டத்திலும் தொழிற்சாலைகள் சட்டத்திலும் சில வரிகள் உண்டு. ஒவ்வொன்றும் 'யார்' என்பதை ஒவ்வொரு மாதிரி வரையறுக்கிறது.

மேலே இருப்பவர்களுக்கு இது எப்படி வேலை செய்தது என்பதற்குத் தமிழ்நாடே இரண்டு முக்கியமான தீர்ப்புகளைத் தந்திருக்கிறது. முதலாவது 1979. முதலமைச்சராக இருந்தவர் பொது ஊழியரா என்று மு.கருணாநிதி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 'ஆம்' என்றது. அரசிடம் ஊதியம் வாங்குகிறார், பொதுக் கடமை செய்கிறார், ஆகவே அவர் பொது ஊழியர். நல்ல தீர்ப்பு.

இரண்டாவது டான்சி வழக்கு. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, அவர் பங்குதாரராக இருந்த நிறுவனங்கள், தமிழ்நாடு அரசின் சிறுதொழில் கழகமான டான்சிக்குச் சொந்தமான கிண்டி நிலத்தை வாங்கின. விற்பது அரசு நிறுவனம், அரசின் தலைவர் முதலமைச்சர், வாங்குவது முதலமைச்சரின் நிறுவனம். இதைவிடத் தெளிவான நலன் முரண் பாடப்புத்தகத்தில்கூடக் கிடைக்காது. 2000-ஆம் ஆண்டில் தனி நீதிமன்றம் தண்டித்தது. 2001-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. 169-ஆவது பிரிவு பொருந்த வேண்டுமானால், அந்தச் சொத்தை வாங்கக் கூடாது என்று 'சட்டப்படி' கட்டுப்பட்டிருக்க வேண்டும். அமைச்சர்களுக்கான நடத்தை நெறிமுறை வாங்கக் கூடாது என்றுதான் சொன்னது. ஆனால் நெறிமுறை சட்டம் அல்ல, நீதிமன்றத்தில் அதை வைத்துத் தண்டிக்க முடியாது என்றது தீர்ப்பு. மனச்சாட்சிக்குப் பதில் சொல்லும் விதமாக நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் அறிவுரை சொன்னது.

முதலமைச்சருக்கு மனச்சாட்சி. தூய்மைக் காவலருக்குக் குறிப்பாணை. நாம் எந்தக் கட்சிக்காகவும் இதைச் சொல்லவில்லை. பொது ஊழியர்தான் என்று ஒத்துக்கொண்ட பிறகும் மேலே இருப்பவரைப் பிடிக்கச் சட்டத்தில் பிடிமானம் இல்லாமல் போனது என்பதைக் கவனிக்கச் சொல்கிறோம்.

கீழே இறங்கினால் நிலைமை தலைகீழ். இங்கே பிடிமானம் ஏராளம். ஆனால் பிடிபடுகிறவர் வேறு.

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் விருதுநகர் மாவட்டமும் உண்டு. அந்தத் தேர்தலில் பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஓர் ஊராட்சியில் தலைவரான ஓர் அக்காவை எங்களுக்கு நெருக்கமாகத் தெரியும். அருந்ததியர் தெருவைச் சேர்ந்தவர். அதுவரை பட்டாசு ஆலையில் சரம் பின்னிக்கொண்டிருந்தவர். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத்தலைவர் ஆதிக்கச் சாதிக்காரர். செக் புத்தகம் அவர் வீட்டில் இருந்தது. பேவர் பிளாக் வேலை, போர் மோட்டார் ரிப்பேர், தெருவிளக்கு என்று எந்த வேலையானாலும் பில் வந்தது ஒரே ஆளிடமிருந்து. அந்த ஆள் துணைத்தலைவருக்கு என்ன முறை என்பது ஊருக்கே தெரியும். அக்கா முதல் ஆண்டு இரண்டு பில்லில் கையெழுத்துப் போட மறுத்தார். பதிலுக்கு எட்டு மாதம் துணைத்தலைவர் எதிலுமே கையெழுத்துப் போடவில்லை. தொட்டி ஆப்பரேட்டருக்குச் சம்பளம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் வராத முதல் தெரு அக்காவின் தெரு. கடைசியில் அவரே வந்து கேட்டார்: "போட்டுத் தொலைச்சிரவா?"

போட்டார். பிறகு தணிக்கைத் தடை வந்தது. செய்யாத வேலைக்குப் பில், அளவுக்கு மேல் பில். விளக்கம் கேட்டு வந்த கடிதத்தில் இருந்தது அக்காவின் பெயர்.

சட்டப்படி அதில் தவறே இல்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2(சி) பிரிவு உள்ளாட்சிகளையும் உள்ளடக்கியது. ஊராட்சித் தலைவர் பொது ஊழியர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவரைப் பதவி நீக்கம் செய்ய ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. துணைத்தலைவரும் பொது ஊழியர்தான், ஆனால் வேலைக்குப் பொறுப்பாளி தலைவர். பில் போட்ட உறவினரோ பொது ஊழியரே இல்லை. ஆக, ஊராட்சியின் அதிகாரம் எந்த வீட்டுத் திண்ணையில் இருந்ததோ அந்த வீட்டுக்கு ஒரு காகிதமும் போகவில்லை. கையெழுத்து மட்டும் யாருடையதோ அவருக்கு எல்லாக் காகிதமும் வந்தது. தனித்தொகுதி இடஒதுக்கீட்டால் நமக்குக் கிடைத்தது நாற்காலியா, குற்றவாளிக் கூண்டா என்று சில நேரம் எங்களுக்கே தோன்றிவிடும். (நாற்காலிகூடக் கிடைக்காத இடமும் உண்டு. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் 2020 அக்டோபரில் நாடெங்கும் பரவியது நினைவிருக்கும்.)

இதே கதையைப் பட்டாசு ஆலைக்குள் வைத்துப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20-க்கும் மேற்பட்டோர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இரண்டு பெயர்தான் சொன்னோம். இடையில் எத்தனையோ. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஒரே சொற்கள்தான் அடிபடும்: உள்குத்தகை, ஒரு ரூமில் அனுமதித்ததைவிட அதிக ஆட்கள், அளவுக்கு மேல் மருந்து. முதலில் கைதாகிறவர் பெரும்பாலும் போர்மேன், அடுத்தது மேலாளர். போர்மேன் என்பவர் சான்றிதழ் வாங்கிய தொழிலாளி, நம் தெருப் பையன்.

ஓர் ஆலை திறக்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நேரத்தில் 15 கிலோ வரை மருந்து வைத்துச் செய்யும் சிறிய ஆலைக்கு உரிமம் மாவட்ட நிர்வாகத்திடம். அதற்கு மேல் மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம், அதாவது பெசோ. பெரிய ஆலைகளின் கோப்பு நாக்பூர் போய் வரும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தனி. தீயணைப்பு, காவல், வருவாய்த் துறைகள் தனித்தனி. இவர்கள் எல்லாரும் பொது ஊழியர்கள். இத்தனை பேரும் பார்த்துத்தான் அந்த ரூம்கள் இயங்குகின்றன என்றால், உள்குத்தகை விட்டது யார் கண்ணுக்கும் படாமல் போனது எப்படி?

இந்த விபத்துகள் நடந்தபோது நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 8(3) என்று ஒரு பிரிவு உண்டு. மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். எந்தத் தொழிற்சாலையிலும், அதன் வியாபாரத்திலும், அதன் இயந்திரத்திலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ நலன் உள்ள யாரும் ஆய்வாளராக நியமிக்கப்படக் கூடாது. நியமிக்கப்பட்ட பின் அப்படி நலன் வந்தாலும் பதவியில் தொடரக் கூடாது. 8(7) ஆய்வாளரைப் பொது ஊழியராகவே கருதச் சொல்கிறது. நலன் முரண் பற்றி இவ்வளவு நறுக்கென்று எழுதிய சட்டங்கள் நம் நாட்டில் குறைவு. 'மறைமுகமாக' என்ற ஒரு சொல்லுக்குள் மனைவி பெயரும் மச்சான் பெயரும் வந்து விழும்.

அதே சட்டத்தில் 2(சிஏ) என்று இன்னொரு வரையறை. 'தகுதி பெற்ற நபர்'. ஆலையில் செய்ய வேண்டிய சோதனைகளையும் பரிசோதனைகளையும் செய்து சான்று தருகிறவர். தலைமை ஆய்வாளரின் அங்கீகாரம் பெற்றவர். அந்த வரையறை கேட்பது படிப்பு, அனுபவம், வசதிகள். அவருக்குக் கட்டணம் தருவது அரசா? இல்லை, யாருடைய ஆலையைப் பார்க்கிறாரோ அவர். ஆய்வாளருக்கு ஓர் ஆலையில் ஒரு ரூபாய் நலன் இருந்தாலும் பதவி போகும். தகுதி பெற்ற நபருக்கோ அந்த ஆலை தரும் ரூபாய்தான் வருமானமே. இருவர் எழுதித் தரும் காகிதத்தையும் நம்பித்தான் நம் அம்மாக்கள் அந்த ரூமுக்குள் போகிறார்கள்.

2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட புதிய தொகுப்புச் சட்டம் இந்தப் பாதையை இன்னும் அகலமாக்குகிறது. ஆய்வாளர் என்ற பெயரோடு 'உதவியாளர்' என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. சில வகை நிறுவனங்களுக்கு வெளியாட்களின் தணிக்கைச் சான்றுக்கும் இடம் தருகிறது. பட்டாசு ஆலைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது என்பது எங்கள் கருத்து. விட்டால், சான்று கொடுத்தவரைக் கேட்கும்போது "நான் அரசு ஊழியர் இல்லையே" என்பார். அரசு ஊழியரைக் கேட்டால் "சான்று இருக்கிறதே" என்பார். நடுவில் போர்மேன் கைதாவார்.

இதற்குச் சட்டத்தில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2(பி), அரசும் பொதுமக்களும் அக்கறை கொள்ள வேண்டிய எந்தக் கடமையும் பொதுக் கடமை என்கிறது. 2(சி)(8), அப்படிப்பட்ட கடமையைச் செய்ய வேண்டிய பொறுப்பில் இருப்பவரும் பொது ஊழியர் என்கிறது. அரசு நியமித்திருக்க வேண்டும் என்ற தேவையில்லை என்று விளக்கமே போட்டிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் குஜராத் அரசு தொடுத்த ஒரு வழக்கில், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றை நடத்தும் அறக்கட்டளையின் அறங்காவலர் இந்தச் சட்டத்தின்படி பொது ஊழியராக வரக்கூடும் என்றது உச்ச நீதிமன்றம். நியமன ஆணையைப் பார்க்காதே, வேலையைப் பார் என்பதுதான் அதன் சாரம். அறங்காவலருக்குப் பொருந்துவது, வெடிமருந்து ஆலைக்குப் பாதுகாப்புச் சான்று தருகிறவருக்கு ஏன் பொருந்தாது? இந்த வாதத்தை யாராவது வழக்காகக் கொண்டுபோக வேண்டும். சட்டம் படிக்கும் தோழர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இந்த அகலம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். 2015 திருத்தம் சேர்த்த வரையறைப்படி, மத்திய அரசின் கீழோ மாநில அரசின் கீழோ அலுவல் முறையில் செயல்படும் எவரும் பொது ஊழியர்தான். கடமை தவறிய அதிகாரி மீது 4-ஆவது பிரிவைக் கேட்கும்போது, "அவர் தற்காலிகப் பணியாளர்" என்று யாராவது நழுவினால் இந்த வரையறையை எடுத்து மேசையில் வையுங்கள்.

இங்கே ஒரு தோழர் எங்களிடம் கேட்ட எதிர்க்கேள்வியையும் சொல்லிவிட வேண்டும். "வரையறையை விரிச்சா மாட்டப்போறது நம்ம ஆளுங்கதானே? அங்கன்வாடி ஆயாவையும் தூய்மைக் காவலரையும் இருநூறு ரூபாய்க்குப் பிடிச்சு உள்ள வைப்பாங்க." நியாயமான பயம். கீழே இருப்பவரைப் பிடிப்பது எப்போதும் சுலபம். அதனால்தான் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம். யாரைக் கண்காணிக்க வேண்டும் என்பது அவர் கையில் இருக்கும் அதிகாரத்தைப் பொறுத்தது. அடுத்தவர் உயிரையும் பொதுப் பணத்தையும் ஒரு கையெழுத்தில் மாற்றக்கூடியவரா அவர்? யாருக்கு உரிமை தர வேண்டும் என்பதோ அவர் செய்யும் உழைப்பைப் பொறுத்தது. அன்றாடம் அரசின் வேலையைச் செய்கிறவரா அவர்? இப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. அதிகாரம் இருப்பவர் 'தனியார்', உழைப்பவர் 'கூலி'.

உழைப்புப் பக்கத்தில் நீதிமன்றங்கள் நீண்டகாலம் நம் பக்கம் இல்லை. அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்ல என்று 2006-இல் ஒரு தீர்ப்பு. அதே ஆண்டில் உமாதேவி வழக்கு, தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்றது. அதைக் காட்டியே எத்தனை பேரை விரட்டினார்கள்! 2022-இல்தான் அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு என்றானது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் ஆண்டுக்கணக்கில் துப்புரவு வேலை பார்த்தவர்களைப் பணி நிரந்தரம் செய்யச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆணையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன வேலை நடந்தது என்பதே முக்கியம் என்ற பார்வை அதிலும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும், 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் பணிப் பாதுகாப்புக் கேட்டு உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அள்ளிக்கொண்டு போனார்கள். தனியாரிடம் போய் வேலை பாருங்கள் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில். நகரம் யாருடையது, குப்பை யாருடையது?

அமெரிக்காவில் 'சிறப்பு அரசு ஊழியர்' என்று ஒரு வகை இருக்கிறது. ஆண்டுக்கு 130 நாளுக்கு மேல் வேலை செய்யாதவர் என்று கணக்கு. 2025-இல் எலான் மஸ்க் அந்தப் பெயரில்தான் அரசுக்குள் வந்தார். அவருடைய நிறுவனங்களுக்கு அதே அரசிடம் பெரிய ஒப்பந்தங்கள். அங்கேயும் நலன் முரண் சட்டம் அவருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பெரிய விவாதம் நடந்தது. நம் மாநிலத்திலும் நாள் கணக்குச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். உலகத்தின் பெரும் பணக்காரருக்கு 130 நாளில் அதிகாரம் கிடைத்துவிட்டது. எங்கள் தூய்மைக் காவலர் அம்மா எத்தனை 480 நாள் தாண்டியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை, மகளின் விண்ணப்பத்தில் 'கூலி' என்று எழுதிய அன்று நாங்களும்தான்.

செய்யக்கூடிய வேலையைச் சொல்கிறோம். உங்கள் ஊராட்சியில் கடந்த ஐந்து ஆண்டில் யார் யாருக்குப் பில் பட்டுவாடா ஆனது, எந்த வேலைக்கு, எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் கைக்கு வந்தால் ஊர்க்காரர்களே முறை சொல்லிவிடுவார்கள். 2025 ஜனவரியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து இப்போது தனி அலுவலர்கள் பார்க்கிறார்கள், ஆனால் கிராம சபை கூடத்தான் செய்கிறது. அதில் தணிக்கை அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் ஆலைக்குக் கடைசியாகச் சான்று கொடுத்த 'தகுதி பெற்ற நபர்' யார், அவருக்குப் பணம் கொடுத்தது யார் என்றும் கேளுங்கள். பாதுகாப்பு ரகசியம் என்று மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு உதவும்.

அந்த அக்காவின் விளக்கக் கடிதத்தை அவரோடு உட்கார்ந்து இரண்டு ராத்திரி எழுதினோம். எந்தத் தேதியில் எந்தப் பில், அன்று செக் புத்தகம் யார் வீட்டில் இருந்தது, எட்டு மாதம் யார் கையெழுத்துப் போடவில்லை என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனபோது அவர் நிறுத்திக் கேட்டார்: "அவரு பேரை எழுதலாமா? அவரு பேர்ல நோட்டீசே வரலையே."

எழுதினோம். பெயர், முறை எல்லாவற்றையும். கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு எங்களிடம் இருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. அக்கா திரும்பவும் ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார், சரம் பின்ன.